பின்சக்கரத் தட்டும் தையற்கார அக்காவும்

யாழினி, கவின், உங்கள் இரண்டு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். யாழினி முதலில் படித்துவிட்டு, புரியாத இடத்தைத் தம்பிக்கு விளக்கிச் சொல்லு.

நேற்றுச் சாயங்காலம் கவின் என்னுடைய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு புது கியர் சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். "இந்தத் தட்ட கழட்டிக் குடுப்பா. கிளாஸ்ல எல்லாப் பசங்களும் இட்லித் தட்டு, இட்லித் தட்டுன்னு கூப்புட்றானுங்க" என்றான். முடியாது என்று சொன்னேன். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அரை மணி நேரம் கழித்து எழுந்து மூன்று தோசை தின்றான், அது வேறு விஷயம்.

கவின் சொன்ன தட்டு எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கியர் சைக்கிளின் பின்சக்கரத்தில் பல்சக்கரங்கள் அடுக்காக இருக்கும். சின்னது வெளியே, பெரியது உள்ளே. பெரிய பல்சக்கரத்துக்கும் ஸ்போக்ஸ் கம்பிகளுக்கும் நடுவில் கண்ணாடி மாதிரி வட்டமாக ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். அதுதான். அது எதற்கு என்று எனக்கே ஒரு காலத்தில் தெரியாது. கள்ளக்குறிச்சியில் பெரிய சைக்கிள் கடையில் ஃபிட்டராக வேலை பார்க்கிற எனக்கே! தெரிய வைத்தவர், கரியாலூரில் இருந்து வந்த ஒரு தையற்கார அக்கா.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

அந்த அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். குள்ளம். கழுத்தில் அளவெடுக்கிற இன்ச் டேப், துப்பட்டா மாதிரி எப்போதும் தொங்கும். சைக்கிள் ஓட்டும்போதுகூட எடுக்க மாட்டார். அவரே தைத்த சுடிதார் போட்டுக்கொண்டு, கேரியரில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, கல்வராயன் மலையில் ஊர் ஊராகப் போவார். ஒரு ஊரில் அளவெடுப்பார், இன்னொரு ஊரில் தைத்த ஜாக்கெட்டைக் கொடுப்பார், பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் யூனிஃபார்ம் மூட்டை மலை மாதிரி இருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைக் கையில் கொடுத்தாலும் திருப்பித்தான் பார்ப்பார்.

சைக்கிள் வாங்க வந்த அன்றைக்கே அதைப் பார்த்தேன். மற்றவர்கள் சைக்கிள் வாங்க வந்தால் மணியை அடித்துப் பார்ப்பார்கள், பிரேக்கை அழுத்துவார்கள், பெயிண்டைத் தடவுவார்கள். இவர் நேராகக் கீழே குந்தி, தலையைச் சாய்த்து, சீட்டுக்கு அடியில் பார்த்தார்.

"யக்கா, சீட்டு மேல இருக்குது" என்றேன்.

"உக்காரப் போறது நானு. எனக்குத் தெரியாதா மேல இருக்குதுன்னு? தாங்கப் போறது கீழதானே இருக்குது, அத்த பாக்கறேன்."

அப்புறம் என்னைக் கூப்பிட்டு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தச் சொன்னார். முதலாளி கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். "யம்மா, நீ இன்னா சைக்கிள் வாங்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று சொல்லிவிட்டுப் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தார்.

நம் வீட்டுக்கு அவர் மூன்று நான்கு தடவை வந்திருக்கிறார். யாழினிக்கு ஞாபகம் இருக்கலாம், அப்போது நீ ஒன்றாம் வகுப்பு. கவின் தொட்டிலில். உன் நோட்டைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தில் இருந்து புரட்ட ஆரம்பித்தார். "முன்பக்கம் டீச்சருக்கு எழுதறது. புள்ள இன்னா நெனைக்குதுன்னு கடைசிப் பக்கத்துலதான் இருக்கும்" என்றார். கடைசிப் பக்கத்தில் நீ என்னைப் படம் போட்டு வைத்திருந்தாய். மீசை மட்டும் பக்கம் முழுக்க இருந்தது. உங்கள் அம்மா சிரித்த சிரிப்பில் கவின் எழுந்துகொண்டான். அவர் பேசிக்கொண்டே என் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்து, "ஏம்ப்பா, இவ்ளோ கிழிஞ்சிருக்குது, வூட்டுல யாரும் பாக்கலியா?" என்று, நான் போட்டிருக்கும்போதே நாலு தையல் போட்டுவிட்டார். ஊசி கழுத்துக்குப் பக்கத்தில் போய்வருகிறது, நான் மூச்சு விடாமல் நிற்கிறேன், அவர் வெங்காயம் என்ன விலை என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்!

கச்சிராயபாளையம் சந்தையில் ஒருமுறை அவரோடு நின்றேன். தர்பூசணியைத் தூக்கி, அடியைப் பார்த்து, பக்கத்தைப் பார்த்து, மறுபடி அடியைப் பார்த்தார். பழக்காரர் பொறுக்க முடியாமல், "யக்கா, அது கொழந்த இல்ல, குளிப்பாட்டறதுக்கு! வாங்குனா வாங்கு, இல்லாட்டி வுடு" என்றார். அக்கா கொஞ்சமும் கோபப்படாமல் அந்தப் பழத்தை வைத்துவிட்டு அவர் சட்டையைக் காட்டினார். "பையத் திருப்பிப் பாரு. உள்ள ஓட்ட." பழக்காரர் சட்டைப் பையைத் திருப்பினார். இருந்தது. அதற்குப் பிறகு அவர் கடையில் அக்கா எந்தப் பழத்தையும் எத்தனை தரம் வேண்டுமானாலும் திருப்பலாம்.

ஆனால் எல்லாருக்கும் இது பிடிக்காது. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த பட்டுச் சேலையை எல்லாரும் முன்பக்கம் தடவித் தடவிப் பார்க்கும்போது, இவர் தலைப்பைத் திருப்பிவிட்டார். பின்னால் ஜரிகை நூல் எல்லாம் பிரிந்து தொங்கியது. மாப்பிள்ளையின் அம்மா முகம் சுண்டிப்போனது. அன்றைக்கு அக்காவுக்குப் பந்தியில் யாரும் பாயசம் ஊற்றவில்லை. "பாயாசம் போனாப் போவுது. பொண்ணு வளையல்ல மாட்டிக்கினு ரெண்டே நாள்ல கிழிஞ்சிருக்கும்" என்று என்னிடம் சொன்னார். அந்தத் தலைப்புக்குப் பின்னால் வலைத்துணி வைத்து அவரே தைத்துக் கொடுத்தாராம். அதைச் செய்யச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை.

இப்போது தட்டுக்கு வருகிறேன்.

எங்கள் கடைக்குப் புது சைக்கிள்கள் அட்டைப் பெட்டியில் வரும். கைப்பிடியில் காகிதம், ஃபோர்க்கில் பிளாஸ்டிக் கட்டை, அச்சு முனையில் மூடி, இப்படி நிறைய பேக்கிங் சாமான் இருக்கும். எல்லாவற்றையும் பிரித்து எறிவோம். எங்கள் கடையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ப்ரீவீல் என்கிற அந்தப் பல்சக்கர அடுக்கைப் புது சைக்கிளிலேயே ஒரு தரம் கழற்றி, திருகிப் பொருத்துகிற மறைக்கு கிரீஸ் வைத்துத் திரும்ப மாட்டுவோம். இல்லாவிட்டால் துரு பிடித்து இறுகிவிடும். அப்படிக் கழற்றும்போது உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் தட்டும் கையோடு வந்துவிடும். "அது பேக்கிங்குடா, தூக்கிப் போடு" என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி சொன்னார். நானும் வருஷக் கணக்கில் தூக்கிப் போட்டேன். ஒரு புகார்கூட வந்ததில்லை.

ஏன் வரவில்லை தெரியுமா? கள்ளக்குறிச்சி சமவெளி. இங்கே யாரும் பெரிய பல்சக்கரத்துக்குச் செயினைக் கொண்டுபோவதே இல்லை. அது ஏற்றத்துக்கு. உளுந்தூர்பேட்டை வரைக்கும் போய் வந்தாலும் அந்தப் பல்லில் கிரீஸ் அழியாது. தட்டு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மலைக்குப் போன சைக்கிள் மட்டும்தான் வேறு.

கடை மூலையில் தட்டுகள் குவிந்து கிடந்ததை அக்கா சைக்கிள் வாங்கிய அன்று பார்த்தார். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னாப்பா?"

"பேக்கிங்குக்கா. வேணுன்னா எடுத்துக்கினு போ."

பத்துப் பன்னிரண்டு எடுத்துக்கொண்டு போனார். எதற்கு என்று பிறகுதான் தெரிந்தது. மலையில் எலி ஜாஸ்தி. துணி மூட்டையோ சாமை மூட்டையோ கூரையில் இருந்து கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாலும் எலி கயிற்றில் இறங்கி வந்துவிடும். அக்கா தட்டின் நடு ஓட்டையில் துணி வைத்துத் தைத்து, அதன் நடுவில் கயிற்றை நுழைத்து, மூட்டைக்கு மேலே குடை மாதிரி மாட்டிவிட்டார். எலி தட்டு வரைக்கும் வந்து வழுக்கும். அதைப் பார்த்து ஊரில் எல்லாரும் கேட்க, கடைக்கு வரும்போதெல்லாம் அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தார். முதலாளிக்கும் சந்தோஷம், குப்பை குறைந்தது.

அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், அக்கா கடைக்குச் சைக்கிள் இல்லாமல் பஸ்ஸில் வந்தார். தோளில் ஒரு சாக்கு. முழங்கையில் மஞ்சள் பூசிய சிராய்ப்பு. சாக்கில் இருந்து பின்சக்கரத்தை மட்டும் எடுத்துக் கல்லாவுக்கு முன்னால் வைத்தார். ஐந்து ஸ்போக்ஸ் கம்பி அறுந்திருந்தது. மூன்று வளைந்து கிடந்தது.

"இன்னாக்கா, பள்ளத்துல வுட்டியா?"

"பள்ளத்துல வுடல. ஏத்தத்துல. பெரிய பல்லுக்குப் போட்டேன். செயினு அதையும் தாண்டி உள்ள பூந்துச்சு. சக்கரம் அப்பிடியே நின்னுபோச்சு. பின்னாடி பஸ்ஸு வந்துக்கினு இருந்திச்சு. டிரைவரு நல்ல மனுசன், பிரேக்கு புடிச்சுட்டாரு. நான் மரவள்ளிக் கொல்லையில போய் வுழுந்தேன்."

அக்கா இன்னும் முடிக்கவில்லை. துணிப்பையில் இருந்து ஒரு தட்டை எடுத்தார். அவர் வீட்டுக் கயிற்றில் எலிக்காகத் தொங்கிய தட்டு. ஓரத்தில் எலி கடித்த தடம்கூட இருந்தது. அதைத் திருப்பிப் பிடித்தார்.

"இதுல சின்னச் சின்னதா நாலு கொக்கி இருக்குது, பாத்தியா?"

பார்த்தேன். ஆயிரம் தரம் கையில் எடுத்திருக்கிறேன். பார்த்ததில்லை.

"நான் ஜாக்கெட்டுக்கு கொக்கி வெச்சா எதிர்ப்பக்கம் அத்த மாட்டறதுக்கு ஒரு எடம் வெப்பேன். சும்மா கொக்கி மட்டும் எவளாச்சும் வெப்பாளா? பேக்கிங் சாமானுக்கு எதுக்குப்பா கொக்கி? இது எங்கியோ மாட்டற சாமான். எங்கன்னு தேடினேன். சக்கரத்தத் திருப்பிப் பாத்தேன். இந்தா."

என்னை ப்ரீவீலைக் கழற்றச் சொல்லி, தட்டை அதற்கு உள்பக்கமாகக் கம்பிகள் மேல் வைத்து அழுத்தினார். நாலு கொக்கியும் நாலு கம்பியில் டக் டக்கென்று உட்கார்ந்தது. அறுந்த கம்பிகளை எல்லாம் தட்டு மூடிக்கொண்டது. செயின் தவறி உள்ளே வந்தால் இனி தட்டில்தான் வழுக்கும், கம்பிக்குப் போகாது. செயினைத் தள்ளுகிற அந்த கியர் கை வளைந்து உள்ளே சாய்ந்தாலும் முதலில் தட்டில்தான் இடிக்கும். பார்த்த உடனே எனக்குப் புரிந்தது. புரிந்தவுடன் பயமும் வந்தது.

"மலையில உங்க கடை கியரு சைக்கிளு எத்தினி இருக்குதுன்னு தெரியுமா?" என்றார் அக்கா. "யூனிஃபார்முக்கு அளவெடுத்த வூடா எண்ணிக்கினே வந்தேன். பதினொண்ணு. எல்லாம் கரியாலூரு பள்ளிக்கூடத்துக்கு வர புள்ளைங்க. ஒண்ணுலயும் தட்டு இல்ல."

பதினொரு பிள்ளைகள். வளைவுச் சாலை. ஏறும்போது சக்கரம் நின்றால் பின்னால் வருகிற வண்டி என்ன செய்யும் என்று யோசித்தேன். அடிபடாவிட்டாலும், கம்பி அறுந்தால் அங்கே மாற்ற ஆள் இல்லை. சைக்கிள் மூலையில் போகும். பிள்ளையும் பள்ளிக்கூடம் போகாது.

முதலாளி எழுந்து வந்துவிட்டார். "யார்றா தட்டக் கழட்டனது?"

"நான்தாங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "பேக்கிங்குன்னு சொன்னது நான்தாண்டா."

"ரெண்டு பேரும் சேந்து கழட்டினீங்க, ரெண்டு பேரும் சேந்து மாட்டுங்க" என்றார் அக்கா.

முதலாளிக்கு உடனே முட்டி வலி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் ப்ரீவீல் கழற்றுகிற கட்டை, பெரிய ஸ்பேனர், கிரீஸ் டப்பாவோடு கரியாலூர் பஸ் ஏறினேன். எங்கள் மூலையில் இருந்த தட்டெல்லாம் எப்போதோ மலை ஏறிவிட்டதே, புதிதாகக் கொண்டுபோக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் எலிக் கயிற்றில் தொங்குகிற தட்டைத்தான் திருப்பிக் கேட்க வேண்டும்.

முதல் வீட்டிலேயே தகராறு. ஒரு பெரியம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "குடுத்தத திருப்பிக் கேக்கறது இன்னா மரியாத? எலி வந்தா உங்க கடைக்காரரு வந்து புடிப்பாரா?"

"பெரிம்மா, உன் பேரன் சைக்கிளுக்குத்தான்…"

"சைக்கிளு நல்லாத்தான் ஓடுது. எலிதான் இப்ப கம்மியா இருக்குது. அத்த கெடுக்காத."

அக்கா பின்னால் இருந்து சிரித்துக்கொண்டே மூட்டையை அவிழ்த்தார். உள்ளே பெயிண்ட் வாளி மூடிகள், நடுவில் ஓட்டை போட்டு, துணி வைத்துத் தைத்து, பதினொன்று. "பெரிம்மா, இது இன்னும் அகலம். எலிக்கு எட்டாது. தையலுக்கு நான் கேரண்டி." பெரியம்மா மூடியை வாங்கி, அக்காவைப் பார்த்துக்கொண்டே வேண்டுமென்றே திருப்பிப் பார்த்தார். "தையலு சுமாராத்தான் இருக்குது" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், அக்காவும்தான். தட்டு கிடைத்தது. சாமைச் சோறும் கிடைத்தது.

அப்படியே வீடு வீடாக. நான் ப்ரீவீலைக் கழற்றுவேன், அக்கா தட்டைக் கழுவித் துணியைப் பிரித்துக் கொடுப்பார், நான் கொக்கியைக் கம்பியில் மாட்டி மறுபடி மூடுவேன். கடைசியில் கியர் கையில் இருக்கிற குட்டித் திருகை முடுக்குவேன். அது எதற்கு என்று கேட்டார். செயின் பெரிய பல்லைத் தாண்டிப் போகாமல் தடுக்கிறது அந்தத் திருகுதான், சைக்கிள் கியர் பக்கமாக விழுந்து அடிபட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும் என்றேன். "அப்ப திருகு மொதக் காவல், தட்டு ரெண்டாங்காவல்" என்றார். நான் இத்தனை வருஷத்தில் அவ்வளவு சுருக்கமாக யாருக்கும் சொன்னதில்லை.

பதினோராவது வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண். கவின் மாதிரியேதான். "வேணாங்கா. சின்னப் புள்ள சைக்கிளு மாதிரி இருக்கும். எல்லாரும் சிரிப்பாங்க."

அந்த ஊரில் இருந்து சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பெண் அவள் ஒருத்திதான். அவள் அப்பா தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை விழுந்தால் போதும், சைக்கிளும் நிற்கும், படிப்பும் நிற்கும் என்பது அவர் நின்ற நிற்பிலேயே எனக்குத் தெரிந்தது.

அக்கா கொடியில் காய்ந்த அவள் யூனிஃபார்மை எடுத்துவந்து, காலரை விரலால் மடித்துக் காட்டினார். "இதுக்குள்ள வெறப்பா நிக்க கேன்வாஸ் வெச்சிருக்கேன். தொட்டுப் பாரு. ஒரு வருசமா போட்டுக்கினு போற, எவளாச்சும் கேன்வாஸ பாத்தாளா? காலரு நிக்குதுன்னுதான் பாத்தா. கேட்டா சொல்லு, இது மலை ஏற்ற சைக்கிளு, உங்க சைக்கிளு ஏறாதுன்னு."

அந்தப் பெண் காலரைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், "அப்ப நல்லாக் கழுவிக் குடுங்க, எலி வாசன அடிக்குது" என்றாள். அவளே சோப்பு எடுத்துவந்து கழுவினாள். மாட்டி முடித்ததும் வீட்டுக்கு முன்னால் இருந்த ஏற்றத்தில் ஓட்டிக்கொண்டு போனாள். பெரிய பல்லுக்குப் போட்டாள். செயின் ஏறி உட்கார்ந்தது, ஒரு சத்தம் இல்லை. மேலே போய் நின்று கையை ஆட்டினாள். அவள் அப்பா அப்போதுதான் எங்களை உட்காரச் சொன்னார்.

அக்கா இப்போது மலையில் இல்லை. குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க துணியை உள்பக்கமாகத் திருப்பிப் பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று போனில் சொல்லிச் சிரித்தார். "இது தெரிஞ்சிருந்தா எப்பவோ வந்திருப்பேம்ப்பா."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்கள் கடையில் ஒரு தட்டைக்கூட எறியவில்லை. ஏற்கெனவே விற்ற சைக்கிள்களைக் கொண்டுவந்தால் சும்மா மாட்டித் தருகிறோம் என்று முதலாளி போர்டு எழுதி வைத்தார், கம்பெனியிடம் தட்டும் வாங்கி வைத்தார். ஆனால் கள்ளக்குறிச்சிப் பிள்ளைகள் வரவில்லை. தட்டு என்றாலே வெட்கம். எனக்கு மனசு கேட்கவில்லை. இதில் எந்தச் சைக்கிள் என்றைக்கு மலைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? லீவு நாளில் பிள்ளைகள் அருவி பார்க்க ஏற மாட்டார்களா?

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிடப் போகிறேன் என்று கடையில் சொல்லிவிட்டு, பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாட்ச்மேன் தெரிந்தவர். கேட்டில் அவரிடம் சொல்லிவிட்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குள் தனியாக நுழைந்தேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் கடை சைக்கிள்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குந்தி, பின்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி, பெடலைக் கையால் சுற்றி, செயினைப் பெரிய பல்லுக்குக் கொண்டுபோய், குட்டித் திருகை அது தாண்டாத அளவுக்கு முடுக்கினேன். தட்டு மாட்ட முடியாவிட்டாலும் முதல் காவலாவது இருக்கட்டும். பதினான்கு சைக்கிள். கடைசிச் சைக்கிள் கியர் பக்கம் தரையில் அழுந்தும்படி சாய்ந்து கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தித் திருகை முடுக்கினேன். மற்றவற்றில் செய்தது போலவே இதிலும், யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று, அந்தப் பிள்ளை காலையில் எந்தப் பல்லில் விட்டுப் போயிருந்ததோ அதே பல்லுக்குச் செயினைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். கை கிரீஸை மண்ணில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, சாப்பிடாமலேயே கடைக்குத் திரும்பினேன்.